ஒரிஜினல்தான் வேண்டும்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பல்லுக்காரர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். பழி போடப் பக்கத்தில் ஒரு பூனைகூட இல்லை.

பல்லுக்காரர் என்றதும் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குச் செட் செய்து தருகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ரோஸ் நிற மெழுகில் ஈறு செதுக்கி, பல்லைப் பதித்து, அச்சு எடுத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக் நிரப்பி வேகவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மெழுகு ஒட்டிய கத்தி, கரண்டி, ஊசி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளி அதே கொதிநீர்ப் பானையில் போட்டுவிடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை அதுபாட்டுக்குச் செய்யும், மூளையைக் கேட்காது.

அன்றைக்கு மேசையில் அந்தக் கத்தி கரண்டிகளோடு இன்னொன்றும் கிடந்தது. சாம்பல் நிறக் கைப்பிடி, விரல் தடிமன், நுனியில் ஊசி. பத்து நிமிஷம் கழித்துப் பானைக்கு வெளியே ஒரு கறுப்பு ஒயர் தொங்குவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இடுக்கியால் தூக்கினார். கைப்பிடி கொக்கி மாதிரி வளைந்து, பக்கவாட்டில் வாய் பிளந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடித்தது.

அது ஸ்கோப்பின் ப்ரோப்.

ஸ்கோப் என்பது, கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் பெட்டி. ப்ரோப்பின் ஊசியை எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடத்துக் கோடு திரையில் வரும். பழைய ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் பிரித்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கிற ஆட்களுக்கு அது இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. பல்லுக்காரர் அப்படிப்பட்ட ஆள். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் உண்டு. சனிக்கிழமைதோறும் லாண்டரிக் கடை மேல்மாடியில் கூடுவார்கள். மூடிப்போன ஒரு ஃபாக்டரியின் சாமான்களை ஏலம் விட்டபோது பதினோரு பேரும் சேர்ந்து அந்த ஸ்கோப்பை வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் ப்ரோப்பைச் சொருகி, பெட்டியே சோதனைக்குத் தருகிற சதுர அலை திரையில் மூலை மழுங்காமல் வருகிறது என்று காட்டிவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஸ்கோப் மலிவாகக் கிடைத்ததன் ரகசியம் பிறகுதான் தெரிந்தது. ப்ரோப் சொருகுகிற வாயில், ஓரமாக ஒரு குட்டி முள் துருத்திக்கொண்டிருக்கும். கம்பெனி ப்ரோப்பாக இருந்தால் அந்த முள் அடையாளம் கண்டுகொள்ளும். கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண ப்ரோப்பைச் சொருகினால் ‘பொருந்தாத பாகம்’ என்று திரையில் எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கம்பெனி ப்ரோப்போ யானை விலை குதிரை விலை.

சரி, உடைந்தது உடைந்துவிட்டது, கூட்டத்தில் சொல்லி ஏதாவது வழி பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கேதான் மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே ப்ரோப்பை உடைத்தவர் ரொட்டிக்காரர். அவருக்குப் பேக்கரி. பல்லுக்காரருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அடுப்புக் கதவில் நசுங்கிவிட்டது, சாதாரண ப்ரோப் ஒன்றை வாங்கி எப்படியாவது சரிக்கட்டிவிடுகிறேன் என்று அவர் கூட்டத்தில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். உடனே பல்லுக்காரர் எழுந்து, மச்சான் என்றுகூடப் பார்க்காமல் வெளுத்து வாங்கிவிட்டார்.

“போலி பல் செட்டைக் கொடுத்து மெல்லச் சொன்னா மெல்ல முடியுமா? ஒரிஜினல்னா ஒரிஜினல்தான். எப்படியாவதுங்கிற பேச்சே இங்க வேணாம்.”

அதோடு விட்டாரா? கூட்டத்தின் நோட்டுப் புத்தகத்தில் தன் கைப்பட ஒரு விதியும் எழுதினார். ‘உடைத்தவர் கம்பெனியின் ஒரிஜினல் பாகத்தையே வாங்கி வைக்க வேண்டும். மாற்றுப் பாகம் செல்லாது.’ அடியில் இரண்டு கோடு. மனைவி எட்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்று வாரம் கழித்து ரொட்டிக்காரர் கம்பெனிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பல்லுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியின் பளபள ஸ்டிக்கரை ஆராய்ந்தார். பிறகு ப்ரோப்பைச் சொருகி, திரையில் வந்த சதுர அலையை விரலால் தொட்டுத் தொட்டு எல்லாருக்கும் காட்டினார்.

“பாருங்க, மூலை எவ்வளவு சுத்தமா இருக்கு. இதான் ஒரிஜினல்.”

ரொட்டிக்காரர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதைப் பல்லுக்காரர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது அதே விதி அவர் கழுத்தில். புதன்கிழமை காலை மனைவி வேலைக்குக் கிளம்பியதும் கம்பெனி ஏஜென்சிக்குப் போன் செய்தார். ஒரு பெண் விலையைச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரமும் அதே விலைதான்.

“ஏம்மா, இது நாங்க ஸ்கோப்பை வாங்கின விலையைவிட ஜாஸ்தியா இருக்கே?”

“ஆமா சார். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்த மாடலுக்கு இது ஒண்ணுதான் பொருந்தும். நாளைக்குப் பணம் கட்டினீங்கன்னா சனிக்கிழமை காலைல கைக்கு வந்துடும்.”

வீட்டில் அந்த அளவு பணம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. பீரோவில், மனைவியின் பழைய கைப்பைக்குள். அது சமையலறைக் கூரைக்கான பணம்.

அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தகரம் மூன்று இடத்தில் அரித்துப்போய், மழை வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பானை, கதவோரம் ஒரு வாளி, அலமாரி மேல் பால் சட்டி என்று வைத்தாக வேண்டும். மழை நாளில் மனைவி அந்த மூன்றுக்கும் நடுவில் வளைந்து நெளிந்துதான் சமைப்பாள். இரண்டு மழைக்காலம் அப்படிச் சமைத்துவிட்டாள். அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். புத்தகம் தைத்து வருகிற கூலியில் பாதியும் அவர் செட் செய்கிற காசில் கொஞ்சமுமாகச் சேர்த்ததுதான் அந்தப் பணம். வருகிற திங்கட்கிழமை கூரை போடுகிறவர் வந்து முன்பணம் வாங்கிப் போவதாகப் பேச்சு.

புதன்கிழமை சாப்பாட்டின்போது அவள் தகரத்தின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“பச்சை போடலாங்க. நீலம்னா வெயில்ல சீக்கிரம் வெளுத்துடுமாம்.”

“ம்.”

“என்ன ம்? தட்டுல போட்டது அப்படியே இருக்கு. பல்வலியா?”

“இல்ல.”

“செட் செய்யறவருக்கே பல் வலிச்சா ஊர் சிரிக்கும். வாயைத் திறங்க, பாக்கறேன்.”

அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பல் தெரியாது, விஷயம்தான் வெளியே வரும். ‘இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ’ என்று இவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. கூட்டத்தில் போய், எனக்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்டால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? மனிதர் இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துக் கடைசியில் பணத்தை எடுப்பது என்றே முடிவு செய்தார். மானம் பெரிதாகப் பட்டது. அசட்டு முடிவுதான், ஆனால் அவர் செய்த முடிவு அதுதான்.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன் மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்த ப்ரோப்பை வெளியே எடுத்தார். திடீரென்று ஒரு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பிடுங்குகிறானே, உள்ளே என்ன தங்கத்தையா வைத்திருக்கிறான், பார்த்துவிடுவோம் என்று விளக்கை இழுத்து, கைப்பிடியின் பிளவில் கத்தியைக் கொடுத்து நெம்பினார்.

கைப்பிடி இரண்டாகப் பிரிந்தது. வெளியே இருந்தது தடித்த மார்க்கர் பேனாவின் கூடு. அதற்கு உள்ளே கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண ப்ரோப். ஒயர் சேருகிற இடத்தில் பசையும், அதற்கு மேல் சுற்றுக்குச் சுற்று நெருக்கமாகக் கட்டிய நூலும். நூலில் ரோஸ் நிறமாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். அவருடைய மெழுகு. இருபத்திரண்டு வருஷமாக முகர்கிற வாசனை, இதில் தப்பு வராது. கொதிநீரில் அந்த மெழுகு உருகித்தான் கட்டு தளர்ந்து, பேனாக்கூடும் வளைந்திருக்கிறது.

“என்ன அது?”

மனைவி ஈரத் தலையில் துண்டோடு வாசற்படியில் நின்றாள். அவர் பேந்தப் பேந்த விழித்தார். சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? கொதிநீர்ப் பானையில் ஆரம்பித்து ஏஜென்சி, விலை, கைப்பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் பணத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

அவள் பணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ப்ரோப்பை வாங்கி விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

“இந்த முடிச்சு யார் போட்டதுன்னு தெரியலையா உங்களுக்கு? நாள் பூரா நோட்டுப் புத்தகத்துக்குப் போடற முடிச்சு. நூலுக்கு மெழுகு உங்க டப்பாவுலேர்ந்துதான் எடுத்தேன்.”

“நீயா?”

“நானும் தம்பியும். அன்னிக்கு நீங்க அவனை அத்தனை பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டீங்க. அவன் வந்து அடுப்படியில உக்காந்து, அக்கா, கூரைப் பணத்துலேர்ந்து கொஞ்சம் குடுன்னான். கூரைப் பணத்துல கை வைக்காதே, நூல் வேணா தரேன்னேன். மீதியெல்லாம் அவன் வேலை. அந்தக் கம்பெனிப் பொட்டி, ரிப்பேர் கடைக் குப்பையில கிடந்தது.”

“பெட்டியில ஸ்டிக்கர் ஒரிஜினலா இருந்துதே.”

“பொட்டி ஒரிஜினல்தான். நீங்க பொட்டியைத்தானே பாத்தீங்க.”

பல்லுக்காரருக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு வருஷம் பத்துப் பேர் காதிலும் பூச்சுற்றியிருக்கிறார்கள், அதுவும் தன் வீட்டு நூலால், தன் வீட்டு மெழுகால். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“ஏமாத்தியிருக்கீங்க. இத்தனை நாளா ஒரு போலியை வச்சு...”

“ஏமாத்தினது தப்புதான். அதை நான் இல்லைங்கலை. ஆனா மூலை சுத்தமா இருக்குன்னு விரலை வச்சுக் காட்டினது யாரு?”

இரண்டு வருஷமாக அதே ப்ரோப்பை வைத்துத்தான் அவர் மூன்று ரேடியோவைச் சரிசெய்திருந்தார். மூன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. கோபம் வந்த வேகத்திலேயே வடிந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று மெதுவாக ஏறியது. மேசையில் கிடந்த பணம் எங்கேயும் போக வேண்டியதில்லை. பச்சைத் தகரம் வரும். நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாளாக ஒரு வாய் சரியாகத் தின்னாதவருக்கு அந்த நிமிஷமே பசித்தது.

“கூட்டத்துல சொல்லித்தான் ஆகணும்” என்றார்.

“சொல்லுங்க. ஆனா தம்பி பேரை எடுக்கறதுக்கு முன்னாடி, நீங்க எழுதின ரூலை நீங்களே எழுந்து நின்னு அடிக்கணும். அதுக்கு அப்புறம் எதை வேணா சொல்லுங்க.”

ஏஜென்சிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே பேக்கரிக்குப் போனார். பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த ரொட்டிக்காரர், அத்தான் முறைக்காரர் கையில் இரண்டாகப் பிளந்த ப்ரோப்பைப் பார்த்ததும் மாவுக் கையோடு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தெரிஞ்சு போச்சா அத்தான்?”

“தெரிஞ்சு போச்சு.”

“ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க அந்தச் சதுர அலையை உத்துப் பாக்கும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். நானே சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். உங்க முகத்தைப் பாத்தா வாய் தானா மூடிக்கும்.”

“என் முகம் அப்படியா இருக்கும்?”

“கண்ணாடியில பாத்ததில்லையா?”

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இரண்டு வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார். ரொட்டிக்காரர் கண்ணை மாவுக் கையால் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து சூடாக ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினார். அதை நின்றபடியே முழுசாகத் தின்று முடித்தபிறகுதான், அந்த முள்ளை எப்படி ஏமாற்றினாய் என்று கேட்டார்.

“ஏமாத்தவே வேணாம். ப்ரோப்போட பின்முனையில ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கான்னு மட்டும்தான் அது பாக்குது. இருந்தா சரிங்குது, இல்லைன்னா முறைக்குது. அந்த ரெசிஸ்டருக்கு ஒரு டீ காசுகூட ஆகாது.”

“அதுக்கா அவ்வளவு விலை?”

“அதுக்குத்தான்.”

பின்முனை பானைக்கு வெளியே தொங்கியதால் அந்த ரெசிஸ்டர் பிழைத்திருந்தது. அன்று மத்தியானமே கடைத்தெருவில் புதிதாக ஒரு சாதாரண ப்ரோப் வாங்கி, ரொட்டிக்காரர் அந்தப் பழைய பின்முனையை அதில் ஒட்டவைத்தார். வெள்ளிக்கிழமை மனைவி நூல் கட்டினாள். இந்த முறை மெழுகு வேண்டாம், பசை மட்டும் போதும் என்று பல்லுக்காரர் சொல்லிவிட்டார். கைப்பிடியை அவரே அக்ரிலிக்கில் வார்த்தார். இது கொதிநீரிலேயே வெந்து உருவாவது, எத்தனை தரம் பானையில் போட்டாலும் வளையாது. ஒரே ஒரு சங்கடம், அவரிடம் இருந்த அக்ரிலிக் எல்லாம் ஈறு நிறம்தான்.

சனிக்கிழமை லாண்டரி மேல்மாடியில் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் டீச்சர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால் பெரியவர்களே கையைக் கட்டிக்கொள்வார்கள். சொருகிக் காட்டுங்க என்று அவர் சொன்னதும் பல்லுக்காரர் எழுந்து நின்றார்.

“அதுக்கு முன்னாடி நோட்டைக் குடுங்க டீச்சர்.”

நோட்டை வாங்கி, தான் எழுதிய விதியை எடுத்து, இரண்டு அடிக்கோட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு போட்டார்.

“இதை நான் எழுதினது தப்பு. நான் பேசினது அதைவிடத் தப்பு. ப்ரோப்பை நான் உடைச்சிட்டேன். கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன். ஒரிஜினல் வாங்கணும்னா என் வீட்டுக் கூரையைத்தான் விக்கணும். அது என்னால முடியாது.”

அவ்வளவுதான் சொன்னார். மச்சான் பேரை எடுக்கவில்லை. எடுப்பதற்குள் ரொட்டிக்காரர் மூலையிலிருந்து தானே எழுந்துவிட்டார்.

“அவர் உடைச்சது ஒரிஜினலே இல்ல டீச்சர். அது நான் செஞ்சது.”

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சொல்லாம விட்டது தப்பு. அது உங்களுக்கே தெரியும். இப்ப எதை வச்சு அளக்கறது?”

பல்லுக்காரர் பையிலிருந்து புதியதை எடுத்தார். ஈறு நிறத்தில், பளபளவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. சொருகினார். முள் ஒப்புக்கொண்டது. திரையில் சதுர அலை வந்தது, மூலை நேராக, கத்தியால் வெட்டியது போல. டீச்சர் கிட்டப் போய், தன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மீட்டரில் அளந்து, இரண்டும் ஒன்றுதானா என்று மூன்று முறை பார்த்தார்.

“அளவு சரியா இருக்கு” என்றார். பிறகு, “ஆனா இது எப்ப சிரிக்கும்னு பயமா இருக்கு.”

அறை முழுக்கச் சிரித்தது. ரொட்டிக்காரர் சிரித்துக்கொண்டே அழுதார். அன்றைக்கே ஆறு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள், பல் மட்டும் வைக்க வேண்டாம் என்ற நிபந்தனையோடு. நோட்டில் டீச்சர் புதிதாக ஒரு வரி எழுதினார். ‘அளவு சரியாக இருந்தால் போதும். உடைந்தால் உடனே சொல்ல வேண்டும்.’ அதில் ‘உடனே’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு அடிக்கோடு.

திங்கட்கிழமை கூரை போடுகிறவர் வந்தார். வியாழக்கிழமைக்குள் பச்சைத் தகரம் ஏறிவிட்டது. அடுத்த வாரம், சாயங்காலம் நான்கு மணிக்கு, மழை பிடித்துக்கொண்டது. மனைவி வேலையிலிருந்து நனைந்து வந்ததும் வராததுமாகச் சமையலறைக்கு ஓடி, அடுப்புக்குப் பக்கத்தில் பானை, கதவோரம் வாளி, அலமாரி மேல் பால் சட்டி என்று மூன்றையும் வைத்துவிட்டாள். பல்லுக்காரர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தகரம் தடதடவென்று அதிர்ந்தது. இருவரும் காத்திருந்தார்கள். பானையில் ஒரு சொட்டு விழவில்லை. இந்தக் கூரைப் பணத்தைத்தானே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பணம் எங்கேயும் போகவில்லை, மேலேதான் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

அவள் பால் சட்டியை எடுத்து உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.

“அப்பாடா. இனிமே இதுல தண்ணி வேணும்னா நாமதான் ஊத்தணும்” என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து சட்டியில் தண்ணீர் பிடித்து, டீ போட அடுப்பில் வைத்தாள்.